அறுபத்தோராவது கிளாஸ்

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிளாஸ்கள். அத்தனையும் ஒரே பேக்கேஜில், கல்யாண மண்டப வாசலில் குவிந்த செருப்பு மாதிரி, எது எதற்கு ஜோடி என்று தெரியாமல் கிடந்தன. கொளஞ்சியம்மாள் இந்த அலங்கோலத்தைப் பதினேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறக்கும்போதெல்லாம் என்றைக்காவது ஒருநாள் இதை ஒழுங்குபண்ணாமல் விடமாட்டேன் என்று மனசுக்குள் கறுவிக்கொள்வாள். அந்த ஒருநாள் வந்தபோது அந்த ஏழு மாடிக் கட்டடத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அவள்தான். பிற்பாடு அவளால் தாங்கமுடியாமல் போனது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

கிளாஸ் என்றதும் பெஞ்சும் கரும்பலகையும் நினைவுக்கு வரவேண்டாம். இது ஜாவா, கம்ப்யூட்டர் மொழி; அதில் ஒரு வேலைக்கென்று எழுதுகிற நிரல் துண்டுக்குப் பேர் கிளாஸ், கிளாஸ்களைப் போட்டுவைக்கிற பெட்டி பேக்கேஜ். ஜாவா இன்றைக்குச் சாகும் நாளைக்குச் சாகும் என்று கொளஞ்சி காலேஜில் சேர்ந்த வருஷமே சொன்னார்கள். சொன்னவர்கள் ரிட்டயர் ஆகிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், ஜாவா மட்டும் கல்லுக்குண்டாக இருக்கிறது. மாநிலத்தின் ஏழு கோடிச் சொச்சம் சனமும் இப்போது அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அது ஜாவா என்பது தெரியாமலே.

அந்த ஏற்பாட்டுக்குப் பேர் வாசல். அரசாங்கத்திடம் எதைக் கேட்பதானாலும் வாசலில்தான் கேட்கவேண்டும். ரேஷன் அரிசி, பட்டா, பள்ளியில் இடம், சுடுகாட்டில் நேரம், ஆஸ்பத்திரியில் படுக்கை, எல்லாமே மனுதான். போனில் மனு வந்து தட்டும். முன்னால் ஒரு நிரல் நின்று, இது எந்த வகை என்று பார்த்து, அந்த வகைக்கென்று எழுதிய கிளாஸிடம் கொடுக்கும். அந்தக் கிளாஸ் சரிபார்த்து 'சரி' என்றால் சரி, 'இல்லை' என்றால் இல்லை. அதற்கு மேல் முறையிட ஆள் கிடையாது, ஏனென்றால் ஆளே கிடையாது. மனுவில் மனிதக் கை படக்கூடாது என்பது சட்டம்.

சட்டம் வந்த அன்றைக்கு ஊர் ஊராகப் பட்டாசு வெடித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வெடிக்கவேண்டிய சட்டம்தான். கொளஞ்சியின் அக்கா அஞ்சலாட்சி, புருஷன் செத்த சான்றிதழுக்காக ஓர் அதிகாரியிடம் பதினோரு தடவை நடந்தவள். பதினோராவது தடவை அந்த ஆள் அவள் முகத்தைப் பார்க்காமலே, சாயங்காலம் தனியாக வா என்றான். அவள் போகவில்லை, சான்றிதழும் வரவில்லை. வாசல் வந்த மூன்றாம் நாள் அந்தச் சான்றிதழ் போனில் பச்சை டிக்கோடு வந்து விழுந்தது. என் தங்கச்சி வேலை செய்கிற ஆபீஸ் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வாசலைக் கட்டியவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. வாசலுக்குள் ஒரே ஒரு வரியை மாற்றுவதானாலும் அவர்களும் வாசலிலேயே மனுப் போட வேண்டும். அதற்கு 'மாற்ற மனு' என்று பேர், அதைப் பரிசோதித்து ஏற்றவும் ஒரு கிளாஸ் இருந்தது. கொல்லைப்புறக் கதவு எங்களுக்கும் இல்லை என்று வந்து போகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். கொளஞ்சியும் சொல்லியிருக்கிறாள்.

சரி, நாலாயிரம் கிளாஸ் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால், மனுஷர்கள் ஒரு வகையில் அடங்காததால் சேர்ந்தது. எந்த வகையிலும் பொருந்தாத ஓர் ஆள் வருவார். மனு 'இல்லை' என்று திரும்பும். அந்த ஊர் ரேஷன் கடையிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ ஆபீஸுக்குப் புகார் வரும். உடனே இங்கே ஒருவர் உட்கார்ந்து அந்த ஆளுக்கென்று சின்னதாக ஒரு கிளாஸ் எழுதி, மாற்ற மனுப் போட்டு ஏற்றிவிடுவார். இதற்கு ஆபீஸில் 'ஒட்டு' என்று பேர். ஒவ்வொரு ஒட்டின் தலையிலும், எழுதியவர் அது எதற்கென்று ஒரு குறிப்பு எழுதிவைப்பது வழக்கம்.

கொளஞ்சியும் ஓர் ஒட்டு எழுதியிருந்தாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. அவளுக்குப் பண்ருட்டிப் பக்கம், முந்திரிக் காடு. அம்மா போனபின் அக்காதான் முந்திரி உடைத்து அவளைப் படிக்கவைத்தாள். முந்திரி ஓட்டின் பால் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் பத்து வருஷத்தில் விரல் நுனியெல்லாம் கறுத்து ரேகை அழிந்துவிடும். வாசல் வந்த இரண்டு மூன்று வருஷத்தில் அக்காவுக்கும் அழிந்துவிட்டது. வாசல் முதலில் கேட்பது ரேகை. ரேகை இல்லாதவர் ஆளே இல்லை. அக்காவுக்காகவும் அவளைப்போல இருக்கிற ஆயிரக்கணக்கான பெண்களுக்காகவும், ரேகை இல்லாவிட்டால் கண்ணைப் பார்த்துக்கொள் என்று ஓர் ஒட்டு எழுதி, 'முந்திரிக்கை' என்று பேர் வைத்தாள். அவள் எழுதியதிலேயே அவளுக்குப் பிடித்த கிளாஸ் அதுதான்.

பிரிவுத் தலைவர் மெல்வின் ஒரு திங்கட்கிழமை காலை எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு மனுவுக்குப் பதில் வர ஒன்பது நொடி ஆகிறது, முன்னால் நிற்கிற நிரல் நாலாயிரம் கிளாஸையும் புரட்டிப் பார்க்கிறது, மேலிடத்தில் ஒரு நொடிக்குள் வேண்டும் என்கிறார்கள், மூன்று மாதம் டயம், அறுபது கிளாஸுக்கு மேல் இருக்கக்கூடாது, துறைவாரியாகப் பேக்கேஜ் பிரித்து அடுக்கவேண்டும். சொல்லிவிட்டுக் கொளஞ்சியைப் பார்த்தார். அவள் கையைத் தூக்கும் முன்பே எழுந்து நின்றுவிட்டாள்.

முதல் வாரத்திலேயே அவள் ஒரு விதி வகுத்தாள். மாதத்துக்கு நூறு தடவைக்குக் குறைவாகக் கூப்பிடப்படுகிற கிளாஸ் தனியாக இருக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவை மட்டும் நாலாயிரத்துக்கு மேல் தேறின. மிச்சமிருந்த பெரியவற்றை வருவாய், உணவு, அடையாளம், மருத்துவம் என்று அடுக்கி ஒன்றோடொன்று சேர்த்தால் கச்சிதமாக அறுபது. முந்திரிக்கை மாதம் முப்பதாயிரம் தடவை கூப்பிடப்பட்டது, அது தப்பித்து அடையாளப் பேக்கேஜுக்குள் கௌரவமாக உட்கார்ந்தது. மற்றதையெல்லாம் விதியே வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டது. இத்தனை சுலபமாக இருக்குமென்று தெரிந்திருந்தால் பதினேழு வருஷம் காத்திருந்திருக்க வேண்டாமே என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அவளோடு கூடவே சேர்ந்தவன் ஹுமாயூன். ஒட்டு எழுதுவதுதான் அவன் வேலை, பட்டியலில் பாதி அவன் கைவேலை. அவன் கோபப்படுகிற ஆள் இல்லை. கேன்டீனில் எலுமிச்சை சாதத்தைக் கிளறிக்கொண்டே பட்டியலிலிருந்து சில குறிப்புகளை அவளுக்குப் படித்துக் காட்டினான். கடலில் காணாமல் போய், சாவுச் சான்றிதழ் பதிவாகி, எட்டாம் மாதம் திரும்பி வந்தவர்களுக்கு, மூன்று பேர். ஊர் ஏரிக்குள் போய்விட்டது. ஊர் இருப்பதாகவே வைத்துக்கொள். இரட்டைப் பெண்கள், முகம் ஒரே மாதிரி படிகிறது. இரண்டு பேரையும் விடு.

"இதுல ஒவ்வொண்ணும் ஒரு ஆளு, கொளஞ்சி" என்றான். "நாமதான் கிளாஸ்னு கூப்பிடுறோம்."

"ஆளுக்கு ஒரு கிளாஸ்னா ஏழு கோடி எழுதணும் ஹுமாயூன். அதுக்குப் பேரு புரோகிராம் இல்ல, மக்கள்தொகைக் கணக்கு."

அவன் சிரித்துவிட்டான். அவள் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் இந்தக் கதையின் கஷ்டமே. சகதியாகக் கிடந்ததைச் சுத்தம் பண்ணவேண்டும் என்று நினைத்ததில் என்ன குற்றம் சொல்வீர்கள்? நாமும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்போம்.

பட்டியலில் இருக்கிற நாலாயிரம் வகை மனுக்களும் இனி எங்கே போகும் என்று ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அதற்கு அவள் ஒரு மத்தியான நேரத்தில் ஆறே வரியில் இன்னொரு கிளாஸ் எழுதினாள். அறுபதில் எதிலும் பொருந்தாத மனு எதுவானாலும் கடைசியில் இதனிடம் வரும். இது மனுவை வாங்கி ஒரு வரிசையில் போட்டுவிட்டு, 'தங்கள் மனு பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது. காத்திருந்தமைக்கு நன்றி' என்று பதில் சொல்லும், பக்கத்தில் பச்சை டிக் வரும். பேர் 'பொது'. அறுபத்தோராவது கிளாஸ். அந்த வரிசையை எடுத்துப் பார்க்கிற நிரலை இரண்டாம் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று, தொழில்காரர்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, ஆறாவது வரிக்குக் கீழே 'பின்னர் எழுதவேண்டும்' என்று ஒரு குறிப்புப் போட்டு வைத்தாள். உலகத்தில் இருக்கிற நிரல்களில் பாதியில் இந்தக் குறிப்பு இருக்கும். எழுதியவர்கள் யாரும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஹுமாயூன் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தான். அப்புறம், பச்சை வேண்டாம் என்றான்.

"செவப்பா காட்டு. பிழைன்னு எழுது. செவப்பப் பாத்தாதான் ஒருத்தனாவது சண்டைக்கு வருவான். பச்சையக் காட்டினா வீட்டுக்குப் போயிருவாங்க, கொளஞ்சி. போய் உக்காந்துருவாங்க."

அவளுக்கும் அது தெரியாமலில்லை. ஆனால் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. சிவப்புப் பதில்கள் எத்தனை என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும், ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் மணி அடிக்கும், மேலிடத்திலிருந்து போன் வரும். சிவப்பாகக் காட்டினால் முதல் நாளே மணி அடித்து, மூன்று மாத உழைப்பும் தோற்றுப்போனதாக ஆகிவிடும். சனங்களை எதற்குப் பயமுறுத்தவேண்டும், மரியாதையாகச் சொன்னால்தான் என்ன என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். பச்சையாகவே விட்டாள்.

பட்டியலை ஒருமுறை கண்ணால் ஓட்டிவிடலாம் என்று பார்த்தபோது ஓர் இடத்தில் நின்றாள். மாதம் முப்பத்து நாலு தடவை கூப்பிடப்படும் ஒட்டு, ஹுமாயூன் எழுதியது. சிறுநீரகம் போனவர்களுக்கு ரத்தம் சுத்தம்பண்ணுகிற மையங்களில் நாற்காலி ஒதுக்குவதற்கானது. குறிப்பில், 'ரேகையும் படியவில்லை, கண்ணும் படியவில்லை. நாலு பேர். மையத்து நர்ஸ் ஆளைப் பார்த்து இவர்தான் என்றால் நம்பு' என்று இருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ் சொன்னால் நம்பு என்றால் மனிதக் கை அல்லவா அது? வெளியே தெரிந்தால் இவனைக் கம்பி எண்ண வைத்துவிடுவார்கள்.

கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள். அந்த நாலு பேர் யாரென்று தனக்குத் தெரியாது, பேரெல்லாம் மறைத்துத்தான் வரும், எண் மட்டும்தான் வந்தது என்றான் ஹுமாயூன். வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம்பண்ணவேண்டியவர்கள், வாசல் அவர்களை ஆளே இல்லை என்று திருப்பியது, அதனால் எழுதினேன், அவ்வளவுதான் என்றான். கொளஞ்சி அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பட்டியலில் இருக்கிறதே, தானாகப் போய்விடும், சட்டமும் தப்பிக்கும், இவனும் தப்பிப்பான் என்று நினைத்துக்கொண்டாள். நாலு பேர்தானே, இரண்டாம் கட்டத்தில் முதல் வேலையாக வேறு வழி பண்ணிவிடலாம். நல்ல எண்ணத்தோடுதான் அடுத்த வரிக்குப் போனாள்.

மாற்ற மனு போட்டு, மூன்று மாதம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பாகவே, ஒரு திங்கட்கிழமை காலை புது வாசல் ஏறியது. பதில் நேரம் முக்கால் நொடி. சுவர்த் திரையில் சிவப்பு என்று மருந்துக்குக்கூட இல்லை. மெல்வின் பாதுஷா வாங்கிவரச் சொன்னார். மேலிடத்திலிருந்து வந்தவர் கொளஞ்சியின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படிப்பட்ட ஒழுங்கைத் தான் பார்த்ததே இல்லை என்றார். இனி ஒட்டு எழுத வேலை இல்லாததால் ஹுமாயூனின் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. அவன் ஒரு பாதுஷாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனான். புதிதாக ஏற்றியபின் பத்து நாளைக்கு யாரும் எதையும் தொடக்கூடாது என்பது ஆபீஸ் வழக்கம். அதனால் அந்த வாரம் எல்லாரும் வேலையில்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பச்சை பச்சையாக நெல் வயல் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணினாள். அஞ்சலாட்சிக்கு சர்க்கரை வியாதி வந்து, சிறுநீரகம் போய் மூன்று வருஷமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் மையத்துக்குப் போய் நாலு மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு வருவாள். குரல் வேறு மாதிரி இருந்தது. ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். காலு கொஞ்சம் வீங்கியிருக்கு, செருப்பு ஏறமாட்டேங்குது, வேறொன்றுமில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை போனாயா என்று கேட்டாள் கொளஞ்சி.

"போனேன்டி. செவ்வாக்கெழமையும் போனேன். இந்த வாட்டி மெசினு தொறக்கல. ஆனா உங்க ஆபீஸ்லேருந்து உடனே பதில் வந்துருச்சு, பச்சை போட்டு. பாத்துக்கிட்டு இருக்காங்களாம். அதான் வந்துட்டேன்."

கொளஞ்சி எழுந்து நின்றாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைப் படித்துத்தானே உன்னை உள்ளே விடும், முந்திரிக்கையில்தானே நீ வருவாய் என்று கேட்டாள். அக்கா சிரித்தாள். அதெல்லாம் பழைய கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை கண்ணுக்கும் வந்து ஆபரேஷன் ஆனது ஞாபகம் இல்லையா? அதற்கப்புறம் அந்தக் கருவிக்கு அவள் கண் படியவில்லை. பத்து நாள் அலைந்தாள். மையத்து நர்ஸ் புகார் எழுதினாள். அப்புறம் உங்கள் ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான் சரிபண்ணிக் கொடுத்துவிட்டான், அதிலிருந்து நர்ஸ் பிலோமினா 'இவங்கதான்' என்று சொன்னாலே மெஷின் திறந்துவிடும்.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ பெரிய வேலையில இருக்க. இதுக்கெல்லாமா ஒன்னத் தொந்தரவு பண்றது?"

நாலு பேர்தானே என்று தாண்டிப்போன வரி கொளஞ்சிக்கு எழுத்து மாறாமல் கண்முன் வந்து நின்றது. தன் கையால் அழித்தது என்று நினைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுமுனையில் அக்கா, சாப்பிட்டியா, என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனாள். பொதுவின் வரிசையைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தாள். ஏழு நாளில் எழுபத்தோராயிரத்துச் சொச்சம் மனு. பேர் கிடையாது, எண்தான். எல்லாவற்றுக்கும் பச்சை டிக் போயிருந்தது. ஒருத்தர்கூடச் சண்டைக்கு வரவில்லை. எழுபத்தோராயிரம் பேரும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

மெல்வின் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள், ஹுமாயூனின் நர்ஸ் விஷயம் உட்பட. மெல்வின் கெட்டவர் இல்லை. கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துப்போனது. அக்காவின் எண்ணை மட்டும் வரிசையிலிருந்து எடுத்து நீங்களே 'சரி' என்று போடமுடியாதா என்று அவள் கெஞ்சியபோது அவர் கையை விரித்தார்.

"என்னால கைய வைக்க முடியாது, கொளஞ்சி. யாராலயும் முடியாது. அதுக்காகத்தானே இதக் கட்டினோம்."

ஆனால் ஒரு வழி இருக்கிறது என்று அவரே சொன்னார். பத்து நாள் வழக்கத்தையெல்லாம் தூக்கிப் போடு, பழைய வாசலை அப்படியே திரும்ப ஏற்றச் சொல்லி மாற்ற மனு போடு, நான் ஒப்புதல் கொடுக்கிறேன். மாற்ற மனு ஏறப் பத்து நிமிஷம் ஆகும், நாளைக்குச் செவ்வாய், உன் அக்கா நாற்காலியில் இருப்பாள். கொளஞ்சிக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் உட்கார்ந்து, மனுவை எழுதி, மெல்வினின் ஒப்புதலைச் சேர்த்து அனுப்பினாள்.

முக்கால் நொடியில் பதில் வந்தது. தங்கள் மனு பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது. காத்திருந்தமைக்கு நன்றி. பக்கத்தில் பச்சை டிக்.

மெல்வின் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, போய்விட்டது, நல்லது என்றார். கொளஞ்சி தன் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாவது வரியில் இருந்தது. மாற்ற மனு. மாதத்துக்கு இருபத்திரண்டு தடவை. நூறுக்குக் குறைவு.

போன திங்கட்கிழமை புது வாசலுக்காக அவள் போட்ட மாற்ற மனுவைப் பழைய கிளாஸ் ஏற்றியது. ஏற்றி, தன்னையும் சேர்த்து அழித்துக்கொண்டது. இனி வாசலில் ஒரு வரியை மாற்றவும் வழி இல்லை. மெல்வினுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொல்லைப்புறக் கதவு எங்களுக்கும் இல்லை என்று இருவரும் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பார்கள்.

ஹுமாயூனுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அவன் சொல்லவில்லை. சர்வரை அணைத்துவிட முடியாதா என்று கேட்டாள். எந்தச் சர்வரை என்று கேட்டான் அவன். முந்நூறு ஊரில் இருக்கிறது, ஒன்றை அணைத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும், அப்படித்தானே கட்டினோம். எல்லை தாண்டி வேறு மாநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால்? அங்கேயும் நாற்காலி கொடுக்க நம் வாசலின் சீட்டைத்தான் கேட்பார்கள் என்றான். எங்கேயாவது பிழை வைத்திருப்பேன், உடைகிற இடம் ஒன்றாவது இருக்கும், யோசித்துச் சொல் என்று கேட்டாள். தான் எழுதியதில் பிழை இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

"ராத்திரியெல்லாம் ஒக்காந்து பாத்துட்டேன், ஏறுறதுக்கு முன்னாடியே" என்றான் ஹுமாயூன். "நல்லா எழுதியிருக்க கொளஞ்சி. எங்கயும் ஒடையல."

மத்தியான பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அக்காவை ஆட்டோவில் ஏற்றி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அஞ்சலாட்சி பவுடர் போட்டுத் தலைசீவியிருந்தாள். முகம் உப்பி, இமை இரண்டும் தடித்துப் போயிருந்தது. நாலு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றாள். கடைசியாக மெஷினில் இருந்து அன்றோடு பதினொரு நாள்.

உள்ளே எட்டு நாற்காலி. ஆறில் ஆள் இருந்தார்கள், இரண்டு காலி. காலி நாற்காலியின் மெஷின்கள் விளக்கு எரியாமல் நின்றன. நர்ஸ் பிலோமினா ஓடிவந்து அஞ்சலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் மனு போட்டிருக்கிறேன் என்று கொளஞ்சி அவளிடம் சொன்னாள். வாசலின் கருவிக்கு முன்னால் நிற்கவைத்து, இவங்கதான், இவங்கதான் என்று மூன்று தடவை சொன்னாள். கருவிக்கு அது கேட்கவில்லை, கேட்கிற கிளாஸ் இப்போது இல்லை. பச்சை டிக் வந்தது. மெஷின் திறக்கவில்லை.

பிலோமினா கொளஞ்சியைத் தனியாகக் கூப்பிட்டாள். அந்த இன்னொரு காலி நாற்காலி ஒரு பெரியவருடையது, அவருக்கும் இதே மாதிரிதான் கையும் கண்ணும் படியாது என்றாள். அவர் நேற்றுக் காலையில் போய்விட்டார். அக்காவிடம் சொல்லவேண்டாம், தண்ணீர் மட்டும் ரொம்பக் குறைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான் என்றாள். நீங்க அந்த ஆபீஸ்தானே, நீங்க சொன்னா கேப்பாங்கதானே என்று கடைசியாகக் கேட்டாள். கொளஞ்சி திரும்பி அக்காவிடம் நடந்தாள்.

அஞ்சலாட்சி வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தங்கைக்காகப் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். கறுத்துத் தேய்ந்த விரல். அதைப் பிடித்துக்கொண்டு கொளஞ்சி உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். நான்தான் அக்கா, நான்தான் பண்ணினேன் என்று நாக்கு வரை வந்தது.

"நீயும் எனக்காக மனு போட்டியாமே? பிலோமினாட்ட சொன்னியே. ஒனக்கு என்ன வந்துச்சு?"

"பச்சைதான்க்கா."

"அப்பறம் என்ன. ரெண்டு பேருக்கும் பச்சை. உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்." மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்து நீட்டினாள். "எனக்குக் கண்ணு தெரியல. என்ன எழுதியிருக்கு, படிச்சுக் காட்டு. பிலோமினா அவசர அவசரமாப் படிக்கும்."

கொளஞ்சி படித்தாள். தங்கள் மனு பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது. காத்திருந்தமைக்கு நன்றி.

"இன்னொரு வாட்டி படி."

இன்னொரு தடவை படித்தாள்.

"பாரேன், எவ்ளோ மரியாதையா எழுதியிருக்கு" என்றாள் அஞ்சலாட்சி, கண்ணை மூடிக்கொண்டே. "அந்தக் காலத்துல அவன் என் மொகத்தக்கூடப் பாக்கல. இது யாரோ நல்லாப் படிச்ச புள்ள எழுதியிருக்கு."

ஆமாக்கா என்றாள் கொளஞ்சி. பிலோமினா அறை வாசலுக்கு வந்து அடுத்த பேரைக் கூப்பிட்டாள். வேறு யாரோ எழுந்து போனார்கள்.